கால் பழகாத பிரேக்

புது வண்டியை எடுத்த முதல் நாள் என்ன ஆகும்? பிரேக்கை லேசாகத் தொட்டாலே தூக்கிப் போடும். இல்லையென்றால் நிற்காமல் போகும். கால் பழக நாலு நாளாவது வேண்டும், இல்லையா?

நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கு அது கிடைக்கவில்லை. 2010 மார்ச், பஹ்ரைன். ஃபார்முலா ஒன்னில் அவருக்கு முதல் பந்தயம். ஹிஸ்பானியா அணி அவருடைய காரைத் தயார் செய்வதற்குள் மூன்று பயிற்சி நேரமும் போயே போச்சு. அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான்! 24 பேரில் 24ஆவது. மறுநாள் பந்தயத்தில், இரண்டாவது சுற்றிலேயே விபத்து.

சீசன் நடுவே சோதனை ஓட்டத்துக்கு 2009-லேயே தடை வந்துவிட்டது. எல்லாம் செலவைக் குறைக்கத்தான் (பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிகிறது). சிமுலேட்டருக்கு மவுசு கூடியது அதனால்தான்.

இன்று மயிலாப்பூர் ஃப்ளாட்டில் உட்கார்ந்து என் அக்கா மகன் அதைத்தான் பழகுகிறான். அவனுடைய 'லோட் செல்' பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று பார்க்காது. எவ்வளவு அழுத்தினான் என்றுதான் அளக்கும். தூரத்தைவிட அழுத்தம்தான் காலுக்கு நன்றாக ஞாபகம் இருக்குமாம். வளைவுக்கு முன்னால் 100 மீட்டர் பலகை. அங்கே ஒரே மிதி. வேகம் குறையக் குறைய, காரைத் தரையோடு அழுத்தும் காற்றும் குறையும். காலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் போச்சு. ஐம்பது தடவை மோதியிருப்பான். நஷ்டம், கரண்ட் பில் மட்டும்.

கருண்? இரண்டே வாரத்தில் ஆஸ்திரேலியப் பந்தயம். கடைசிவரை ஓட்டி, 14ஆவதாக வந்தார்.