மந்திரவாதியின் தாடி: 'பாதாள பைரவி' (1951) திரைப்படத்தின் ஈர்ப்பும் தமிழ்த் திரை வரலாற்றில் அதன் இடமும்

1952 சனவரி 24ஆம் நாள் பம்பாயில் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா தொடங்கியது. டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அவ்விழாவில் திரையிடப்பட்டு, இந்தியத் திரைக்கலைஞர் பலரை உலுக்கியது என்பது வரலாற்று நூல்கள் தவறாமல் கூறும் செய்தி. அதே விழாவில் ராஜ் கபூரின் 'ஆவாரா', சாந்தாராமின் 'அமர் பூபாளி' ஆகியவற்றோடு தென்னிந்தியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே படம் 'பாதாள பைரவி' என்பதை அந்நூல்கள் அத்துணை ஆர்வத்தோடு கூறுவதில்லை. தோட்டக்காரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் இளவரசியை மணக்க விழைவதும், மந்திரவாதி ஒருவன் குறுக்கிடுவதும், கேட்டதைத் தரும் தேவியின் சிறு சிலையொன்று கைமாறுவதும்தான் அப்படத்தின் கதை.

தமிழ்த் திரையின் 1950களைப் பேசுவோர் 'வேலைக்காரி'யிலிருந்து (1949) 'பராசக்தி'க்கு (1952) நேரே செல்வது வழக்கம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டில் வெளிவந்த இப்படம் இருவகையில் விடுபட்டது. மாயாசாலக் கதையாதலால் விளையாட்டு என்று தள்ளப்பட்டது; தெலுங்குப் படம் என்று மற்றொரு நிரலில் வைக்கப்பட்டது. இரண்டும் மறுபரிசீலனைக்கு உரியவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரண்டாவதை முதலில் நோக்கலாம். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் நடத்திய விஜயா நிறுவனம் சென்னை வடபழனியில் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் இப்படத்தைத் தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் உருவாக்கியது. தெலுங்கு வடிவம் 1951 மார்ச்சு 15இலும், தமிழ் வடிவம் அதே ஆண்டு மே 17இலும் வெளிவந்தன. தமிழ் உரையாடலையும் பாடல்களையும் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். ஒரே ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. ஒரே இசையமைப்பாளர் கண்டசாலா. சென்னை நகரம் யாருக்கு என்ற பூசல் தெருவில் சூடேறிக்கொண்டிருந்த காலம் அது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தது 1952 டிசம்பரில். ஆந்திர மாநிலம் பிறந்தது 1953 அக்டோபரில். தெருவில் இரண்டாகப் பிரிந்து நின்ற மொழிகள் அப்படப்பிடிப்புத் தளத்தில் ஒரே அரண்மனை அரங்கைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் எழுந்த திரை வரலாறுகள் மாநில எல்லைகளைப் பின்னோக்கி நீட்டி, இத்தகைய படங்களைப் பங்கு பிரித்தன. பாகப்பிரிவினையில் 'பாதாள பைரவி'யின் தமிழ் வடிவம் யார் பங்கிலும் சேரவில்லை.

இதே இருவர்தாம் 1947 சூலையில் 'சந்தமாமா' என்னும் சிறுவர் மாத இதழைத் தெலுங்கிலும், 'அம்புலிமாமா' என்ற பெயரில் தமிழிலும் தொடங்கியவர்கள். அவ்விதழ் பல தலைமுறைத் தமிழ்ச் சிறார்க்குக் கதை சொன்னது. இதழையும் படத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அவற்றின் உறவு விளங்கும். இரண்டிலும் அச்சம் நெடுநேரம் நீடிப்பதில்லை. இரண்டிலும் பேய்க்கும் பூதத்துக்கும் ஏதேனும் ஒரு பலவீனம் உண்டு.

கதையின் வேர் மதிர சுப்பண்ண தீட்சிதரின் 'காசி மஜிலீ கதலு' என்னும் தெலுங்குக் கதைத் தொகுதியில் இருக்கிறது. காசிக்கு நடந்து செல்லும் வழியில் தங்குமிடந்தோறும் ஒரு கதை கூறப்படுவது அதன் அமைப்பு. ஆயினும் அலாவுதீன் கதையின் சாயலும் படத்தில் வெளிப்படை. தொலைநாட்டு மந்திரவாதி ஏழை இளைஞனைக் குகைக்கு அழைத்துச் செல்கிறான். வேண்டியதைத் தரும் பொருள் இளைஞன் கைக்கு வருகிறது. அரண்மனையும் இளவரசியும் ஒரே நொடியில் மறைகின்றனர். அலாவுதீன் கதையும் அரபு மூலச்சுவடிகளில் இருந்ததன்று. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரீசில் வாய்மொழியாகக் கூற, கல்லாந்து என்ற பிரெஞ்சு அறிஞர் தம் நூலில் சேர்த்துக்கொண்டது. ஊர் விட்டு ஊர் வந்தவர் ஒருவர் சொன்ன கதை வடபழனி வரை வந்து சேர்ந்திருக்கிறது. விளக்கு இங்கே தேவியின் சிலையாயிற்று. மக்ரிபு நாட்டு மந்திரவாதி நேபாளத்தான் ஆனான்.

இனி படத்தின் ஈர்ப்பு. பார்ட்லியின் தந்திரக் காட்சிகள் அக்காலத்துப் பார்வையாளரை வியக்கவைத்தன என்பது உண்மையே. ஆனால் தந்திரக் காட்சிகள் விரைவில் பழையனவாகிவிடும். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படம் சலிப்பூட்டாமைக்குக் காரணம் எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதி என்றே சொல்வேன். அப்போது அவருக்கு வயது 32. நீண்ட தாடி, ஒய்யார நடை, சீடனை அழைக்கும் இழுத்த விளி ஆகியவற்றோடு அவர் வரும்போது திரையில் கொடியவன் தெரிகிறான். கூடவே தன் அறிவில் தானே மயங்கிய ஒரு மனிதனும் தெரிகிறான். தேவிக்குப் பலியிடத் துணிச்சலும் அறிவும் உடைய இளைஞன் ஒருவன் தேவை என்று தேடி அலைபவன், அவ்வறிவு தன்னையே திருப்பித் தாக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. நீராடச் சென்ற இளைஞனை முதலை பற்றுகிறது. அவன் அதனை வெல்ல, சாபம் நீங்கிய அப்சரஸ் வெளிப்பட்டுச் சூழ்ச்சியைச் சொல்லிவிடுகிறாள். பலியாவது மந்திரவாதி. நரபலி என்னும் கொடுமையான செயலையே படம் ஒரு தலைகீழ் நகைச்சுவையாக்கிக் கடந்துசெல்கிறது. சீடன் சஞ்சீவினியால் குருவை எழுப்பிவிடுவான் என்பதால் பார்வையாளருக்கும் குற்றவுணர்வு இல்லை.

படத்தின் உச்சமோ வாட்போரில் இல்லை. மந்திரவாதியின் ஆற்றல் அவன் தாடியில் இருக்கிறது. இளவரசியின் மனத்தைக் கவர வேண்டுமானால் தாடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று, சீடனின் உருவில் வந்த கதைநாயகனின் தோழன் அஞ்சி பரிந்துரைக்கிறான். உலகை ஆட்டிவைக்கத் துணிந்தவன் அழகனாக வேண்டும் என்ற சின்ன ஆசையில் நாவிதக் கத்திக்குத் தலை சாய்க்கிறான். காதல், வீரம், மாயம் ஆகிய மூன்று இழைகளும் அந்த ஒரு காட்சியில் சிரிப்பாக முடிச்சிடப்படுகின்றன.

இவ்விளையாட்டுக்குள் ஒரு கேள்வி உண்டு. இளவரசியை விரும்பிய குற்றத்துக்காகப் பிடிபட்ட இளைஞனிடம், எமக்கு நிகரான செல்வத்தோடு வா என்கிறான் மன்னன். அடுத்த ஆண்டு வெளிவந்த 'பராசக்தி' ஏழ்மையைக் குறித்து நீதிமன்றத்தில் நேருக்கு நேர் வினவியது. இங்கே அவ்வினா கதைக்குரிய முறையில் எழுகிறது. உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்த ஆண்டில், வேண்டியதைக் கேள் என்று ஒரு தேவி சொல்லும் காட்சி எத்தகைய மனநிறைவைத் தந்திருக்கும் என ஊகிக்கலாம். எனினும் படம் அச்செல்வத்தைக் கொடுத்த கையாலேயே பறித்துவிடுகிறது. சிலை களவுபோகிறது, மாளிகை மறைகிறது. இளைஞன் இளவரசியை இரண்டாம் முறை வெறுங்கையோடு தேடிப் புறப்பட வேண்டியிருக்கிறது. அங்கும் மாயப் பொருள்கள் வரத்தான் செய்கின்றன; ஆனால் அவை வரமாகக் கிடைப்பவை அல்ல, சண்டையிடும் பூதங்களை ஏமாற்றிப் பெறுபவை. முதல் வெற்றி தேவி தந்தது. இரண்டாவது அவன் ஈட்டியது.

குறையும் சொல்ல வேண்டும். இளவரசிக்கு இப்படத்தில் காத்திருப்பதும் கண்ணீர் விடுவதுமன்றிப் பெரிதாக வேலையில்லை. மாலதியின் நடிப்பைக் குறை கூறுவதற்கில்லை. எழுத்தே அவரைக் கைவிட்டது. ஒரு நடனத்தில் மட்டும் வந்துபோகும் சாவித்திரி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் இதே நிறுவனத்தின் 'மிஸ்ஸியம்மா'வில் கதையையே தன் தோளில் சுமந்தார் என்பதை எண்ணும்போது இக்குறை மேலும் உறுத்துகிறது.

தமிழ் வடிவத்தின் எழுத்தாளரிடம் மீண்டும் வருவோம். தஞ்சை ராமையாதாஸ் இப்படத்துக்குப் பின் 'குலேபகாவலி'க்கும் (1955), விஜயாவின் தமிழ் 'மாயாபஜா'ருக்கும் (1957) எழுதினார். பின்னதில் ரங்காராவ் கடோத்கசனாக வந்து திருமண விருந்தை உண்டு தீர்க்கும் பாடலை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. அதனைத் தெலுங்குப் பாடல் என்று எவரும் ஒதுக்குவதில்லை. மாயத்தையும் சிரிப்பையும் ஒரே வாயால் பேசும் அந்தத் தமிழ் 'பாதாள பைரவி'யில் பழகி உருவானது என்று கருத இடமுண்டு. இதனை நிறுவ, இரு மொழி வடிவங்களையும் காட்சிக்குக் காட்சி ஒப்புநோக்க வேண்டும். மந்திரவாதியும் சீடனும் பேசும் பகுதிகளிலிருந்து அதைத் தொடங்குவது தக்கது. நகைச்சுவைதான் மொழிபெயர்ப்புக்கு எளிதில் இணங்காதது, எழுத்தாளரின் கைவண்ணம் அங்கேதான் தெரியும்.