திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் உழைச்செல்வோர்

ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரியிலிருந்து வாலாசாபாத்து வழியாகத் தெற்கே செல்வோர், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊரைக் காண்பர். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், கி.பி. 1063-இல் அரியணை ஏறிய வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு ஒன்று உளது. 1915-இல் படியெடுக்கப்பெற்ற அதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்னும் பெயரிய ஆதுலர்சாலை ஆகியவற்றின் செலவை அது வகைப்படுத்துகின்றது. ஆதுலர் என்பார் நோயாளர். அவர்க்கெனக் குறித்த படுக்கை 15.

இக்கல்வெட்டைப் பற்றி எழுதினோர் பலரும் மருத்துவனையும் மருந்துப் பெயர்களையும் விரித்துரைத்து அமைந்தனர். ஆயின் வள்ளுவர் மருந்ததிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நாற்கூறாக்கி, உழைச்செல்வானையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். சரகர் நூலும் பணிவிடை செய்வானை மருத்துவத்தின் நான்கு கால்களுள் ஒன்றாகக் கொள்ளும். நூலோர் வகுத்த அவ்விடத்திற்கு நடைமுறையில் என்ன மதிப்பு இருந்தது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. அதனை அறியக் கூலிக் கணக்கினும் சிறந்த சான்று பிறிதில்லை.

மருத்துவனுக்கு ஆண்டொன்றுக்கு நெல் 90 கலமும் காசு 8-ம். சல்லியக்கிரியை செய்வானுக்கு நெல் 30 கலம். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் தரும் ஆட்கள் இருவர்க்கு நெல் 60 கலமும் காசு 2-ம். மருந்தடும் பெண்டுகள் இருவர்க்கு நெல் 30 கலமும் காசு 1-ம். நாவிதனுக்கு நெல் 15 கலம். பகுத்து நோக்கின், பெண்ணொருத்தி பெற்றது 15 கலமும் அரைக்காசும். நெல்லளவில் அது நாவிதன் பெற்றதனோடு ஒக்கும். விறகு கொணர்வான் பெற்றதில் சரிபாதி. இவ்வேறுபாட்டை ‘அக்கால வழக்கு’ என்று கூறிக் கடந்து செல்லுதல் ஆராய்ச்சியாகாது. மருத்துவன் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பதைக் கல்வெட்டு தெளிவாகக் கூறும். பெண்டுகள் இருவர் பெயரும் அதில் இல்லை.

அப்பெண்டிரைச் செவிலியர் எனப் பெயர்த்தல் தகுமோ எனின், தகும் என்பதே எம் கருத்து. அடுதல் சமைத்தலாயினும், கியாழமும் நெய்யும் தைலமுமே பெரும்பாலான மருந்துகளாக இருந்த முறையில், பக்குவம் பார்த்துக் காய்ச்சுதல் அடுக்களைப் பணியன்று; அது சிகிச்சையின் பகுதியே. பதம் தவறின் மருந்தே கெடும். தசமூலகரீதகி, மண்டூரவடகம், கல்யாணலவணம் முதலாக ஏறக்குறைய இருபது மருந்துகள் ஓராண்டுக்கெனச் சேமிக்கப்பட்டமையை நினைந்தால், அவர்தம் பொறுப்பின் அளவு விளங்கும்.

நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. கலம் 96 நாழி எனக் கொண்டு, படுக்கை பதினைந்தும் 360 நாள் நிறைந்திருப்பதாகக் கணக்கிடின், 56 கலத்திற்குச் சற்று மிகும். உணவை உறவினர் கொணர வேண்டும் என்று விடாமல் சாலையே ஏற்றமை குறிக்கத்தக்கது. இரவு முழுதும் எரியும் விளக்கொன்றுக்கு எண்ணெயும் தனியே ஒதுக்கப்பட்டது. நோயின் கடுமை இரவில் மிகும் என்பதும், இருளில் எழுவோன் இடறுவான் என்பதும் அறிந்தவர் எழுதிய கணக்கு இது.

எனினும் இதனைப் ‘பொது மருத்துவமனை’ என வழங்குவாரோடு யாம் உடன்படற்கில்லை. இதன் பயனைப் பெற்றோர் சாலையில் ஓதும் மாணாக்கரும் கோயிற் பணியாளருமே எனக் கொள்வது கல்வெட்டின் அமைப்பிற்குப் பொருந்தும். சுற்றியிருந்த உழவர்க்கு அதன் கதவு திறந்திருந்தது எனக் கூறக் கல்வெட்டில் ஆதாரமில்லை. இதே வட்டாரத்தில் இன்று ஒரகடம், சேரப்பணஞ்சேரிப் பகுதித் தொழிற்சாலைகளில் உழைப்போர்க்கு, 1948-இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வகுத்த மருத்துவ உதவியும் ஊதியப் பதிவைப் பற்றியதே. சட்டம் அதனை உரிமையாக்கியது; சாலையில் அது அறக்கொடை. ஆயினும் பதிவேட்டில் பெயர் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இரண்டிற்கும் பொது. பெயரற்ற அப்பெண்டிர் இருவரும் நோயுற்றபோது அப்பதினைந்து படுக்கைகளுள் ஒன்று அவர்க்குக் கிடைத்ததா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை.