லேணி

அஜந்தாவைக் 'குகை' என்று எழுதுவதை என் மனம் ஒப்புவதில்லை. குகை தானாக அமைவது. அஜந்தாவோ வாகோரா ஆற்று வளைவில் எரிமலைப் பாறையை உளியால் குடைந்து எடுத்த, துறவியர் தங்கும் விகாரங்களும் வழிபடும் சைத்தியங்களும். மராத்தியர் இன்றும் 'லேணி' என்கிறார்கள். பாலியிலும் நாசிக் கல்வெட்டுகளின் பிராகிருதத்திலும் அது 'லேண'. வேர் 'லீ': ஒட்டுதல், ஒடுங்குதல், தங்குதல். துறவி ஒதுங்கும் இடத்தைக் குறித்த சொல், பௌத்த நூல்களில் துன்பத்திலிருந்து காக்கும் புகலிடமாகி, நிப்பானத்துக்கே, அதாவது நிர்வாணத்துக்கே, ஒரு பெயராயிற்று. எவ்வளவு பெரிய உயர்வு! நாம் அன்றாடம் சொல்லும் 'ஆலயம்', 'லயம்' இரண்டும் அதே வேரில் கிளைத்தவைதாம். தமிழில் 'பள்ளி' எனலாம். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்துக்கு அது பழைய பெயர். ஆனால் இன்று பள்ளி என்றதும் பிள்ளைகள் படிக்கும் இடமே நினைவுக்கு வரும். என் தேர்வு 'குடைவரை'. வரை என்றால் மலை. வரைதல் என்றால் தீட்டுதலும்கூட. இரண்டும் வேறு பொருள்களே. ஆனாலும் போதிசத்துவர் பத்மபாணி சுவரில் ஓவியமாக நிற்கும் முதலாம் எண் விகாரத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.