மின்பாதைகளில் கொரோனா மின்னிறக்கம்

உயர் மின்னழுத்தக் கம்பியின் பரப்பில் மின்புலம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, அதைச் சூழ்ந்த காற்று அயனியாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் நிகழ்வு. சமவெளிக் காற்றின் தாங்குதிறன் செ.மீ.க்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட் (உச்ச மதிப்பு). இருளில் ஊதா ஒளி, சீறல், ஓசோன் வாடை, வானொலியில் கரகரப்பு ஆகியன இதன் அடையாளங்கள். பொறியாளர்களை முதலில் கவலைப்பட வைத்தது, வழியிலேயே வீணாகும் மின்னாற்றல்.

புயல்வேளையில் பாய்மர உச்சியில் தோன்றும் ஒளியாக மாலுமிகள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

மின்பாதை சார்ந்த ஆய்வு 1890-களில், அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியிலுள்ள டெல்லுரைடில் தொடங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக ரால்ஃப் மெர்ஷன் நடத்திய சோதனைகளை, சார்லஸ் ஸ்காட் 1898-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். 50,000 வோல்ட்டை ஒட்டி இழப்பு திடீரென ஏறியது. கம்பிகளை விலக்கிக் கட்டினால் குறைந்தது. டெல்லுரைடு 2,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்குக் காற்று அடர்த்தி குறைவு என்பதால், சமவெளியைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே கொரோனா தோன்றும். 1904-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் ரயன், காற்றழுத்தமும் வெப்பநிலையும் இந்த எல்லையை எப்படி நகர்த்துகின்றன என்பதை ஆய்ந்து வெளியிட்டார்.

ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் எஃப். டபிள்யூ. பீக் 1911-இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் அடித்தளம். மெல்லிய கம்பியில் ஒளி தெரியத் தேவையான பரப்பு மின்புலம், தடித்த கம்பியைவிடக் கூடுதல் என்று அவர் காட்டினார். அவரது சூத்திரப்படி 1 செ.மீ. ஆரமுள்ள வழவழப்பான கம்பிக்கு இது செ.மீ.க்கு ஏறத்தாழ 39 கிலோவோல்ட்; 1 மி.மீ. ஆரத்துக்கு 58-ஐத் தாண்டும். ஒளி தோன்ற, கம்பியைச் சுற்றிக் குறிப்பிட்ட தடிப்புள்ள காற்று அடுக்கு முழுவதும் முறிய வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். கம்பியின் மேற்பரப்பையும் அவர் கணக்கில் கொண்டார்: மெருகிட்ட கம்பிக்கு 1, வெயில் மழையில் பழகியதற்கு 0.93 முதல் 0.98, முறுக்கிய பல இழைக் கம்பிக்கு 0.80 முதல் 0.87 எனக் குணகங்கள் வகுத்தார். இழப்பு, எல்லைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்தில் வளரும் என்ற அவரது விதி, எல்லையை ஒட்டிய பகுதியில் பொருந்தவில்லை என்று பிற்காலத்தவர் கருதினர். டபிள்யூ. எஸ். பீட்டர்சன் 1933-இல் தந்த சூத்திரம் அவ்விடத்தில் மேலானது எனப்படுகிறது. எனினும் பாடநூல்கள் இரண்டையும் பேணுகின்றன. மழைக்கால இழப்பை எந்த ஒரு சூத்திரமும் நிறைவாக விளக்குவதாகக் கூற இயலாது.

கம்பியைத் தடிக்கச் செய்தால், அதே மின்னழுத்தத்தில் பரப்பு மின்புலம் குறையும்; கொரோனாவும் குறையும். ஹூவர் அணையிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கு 1936-இல் இயங்கத் தொடங்கிய 287 கிலோவோல்ட் பாதையில், 1.4 அங்குல விட்டமுள்ள உள்ளீடற்ற செம்புக் கம்பிகள் கட்டப்பட்டன. ஒரே கம்பிக்குப் பதில் பல கம்பிகளை இடைவெளி விட்டுக் கொத்தாகக் கட்டும் யோசனை 1909-இல் பெர்சி தாமஸ் தந்தது எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சுவீடனின் 380 கிலோவோல்ட் பாதை (1952) இரட்டைக் கம்பியையும், கியூபெக்கின் 735 கிலோவோல்ட் பாதை (1965) நான்கு கம்பிகளையும் ஏற்றன.

மழையில் கம்பியின் அடிப்புறத்தில் தொங்கும் நீர்த்துளியை மின்புலம் கூம்பாக இழுக்கிறது. அந்தக் கூர்முனையில் கொரோனா வெடிக்கிறது. புதுக் கம்பியின் எண்ணெய்ப்பசையில் நீர் துளிதுளியாய் நிற்பதால் இரைச்சல் மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்லக் கம்பி கறுத்து நீரை உறிஞ்சும். துளிகள் குறையும், இரைச்சலும் தணியும்.

கொரோனாவில் எழும் மின்னேற்றத் துகள்கள் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடும் என்ற கருத்து 1990-களில் பிரித்தானியாவில் எழுந்தது. அது பரவலாக ஏற்கப்படவில்லை. மின்பாதையில் மின்னல் ஏற்படுத்தும் மின்னழுத்த அலையைக் கொரோனா தணிக்கும் நன்மையும் உண்டு. எனினும் கொரோனாவைக் கட்டுப்படுத்த, சீனாவின் 1,000 கிலோவோல்ட் பாதையும் (2009) மத்தியப் பிரதேசத்தின் பினாவிலுள்ள 1,200 கிலோவோல்ட் சோதனைப் பாதையும் எட்டுக் கம்பிக் கொத்துகளைக் கொண்டுள்ளன.