செயல்முறைச் சமிக்ஞை

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடம் இயங்குதளத்தின் மையமான கெர்னல் சேர்ப்பிக்கும் எண்ணிட்ட அறிவிப்பு. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட, டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸிலும் இதே முறைதான்.

முனையத்தில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் 2ஆம் எண் ‘சிக்இன்ட்’ போகும். ‘கில்’ கட்டளை வழக்கமாக அனுப்புவது 15ஆம் எண் ‘சிக்டெர்ம்’, நிரல் அதைப் பிடித்து, கோப்புகளைச் சேமித்துவிட்டு விலகலாம், புறக்கணிக்கவும் செய்யலாம். 9ஆம் எண் ‘சிக்கில்’ அப்படியன்று. அதைப் பிடிக்கவோ தடுக்கவோ வழியில்லை. கெர்னலே நிரலை முடித்துவிடும். பாதி எழுதிய தரவு பாழாகக்கூடும் என்பதால், எடுத்த எடுப்பிலேயே 9ஐ ஏவுவது தவறான பழக்கம்.

1ஆம் எண் ‘சிக்ஹப்’ சுவையான வரலாறு கொண்டது. தொலைபேசிவழி இணைந்த முனையத்தின் தொடர்பு அறுந்ததைச் சொல்லப் பிறந்தது. இன்று என்ஜின்எக்ஸ் போன்ற சேவையகங்களை அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கச் சொல்ல உதவுகிறது.