மணிக்கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்: காரின் ஏசி, திறந்த கண்ணாடி, எரிபொருள் செலவு

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் கிளம்பினால் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் வண்டிக்குள் ஒரு வழக்கு எழுந்துவிடும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்பார் ஒருவர். இந்த வேகத்தில் கண்ணாடியை இறக்கினால் காற்றே வண்டியைப் பிடித்து இழுக்கும், ஏசிதான் மேல் என்பார் மற்றவர். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு வேக எல்லையைச் சொல்வார்கள்: 60, 80 என்று. எல்லா வண்டிக்கும் பொருந்தும் அப்படியோர் எல்லை இல்லை என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது: இவ்விரு செலவுகளும் ஒரே அளவுகோலுக்குள் அடங்குபவை அல்ல. ஏசி மணிக்கணக்கில் பெட்ரோல் குடிக்கிறது. திறந்த கண்ணாடி வேகத்துக்கேற்பக் குடிக்கிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மைலேஜ் பேசும் நம் பழக்கம் முதல் செலவைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறனோ மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடைக்கெழு 0.32, முன்பரப்பு 2.1 சதுர மீட்டர் உள்ள ஒரு சாதாரண காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் காற்றை வெல்ல ஏறத்தாழ 1 கிலோவாட் போதும். 100 கிலோமீட்டரில் 8 கிலோவாட்டுக்குச் சற்றுமேல் வேண்டும். கண்ணாடியை இறக்குவதால் தடை பத்தில் ஒரு பங்கு கூடுவதாகக் கொண்டால், அதற்கான கூடுதல் திறன் 50-இல் வெறும் 0.1 கிலோவாட், 100-இல் 0.8 கிலோவாட். நகரத்துக்குள் திறந்த கண்ணாடி பெட்ரோலைத் தின்கிறது என்று சொல்வதற்கு இயற்பியலில் இடமே இல்லை.

ஏசியின் கதை வேறு. வண்டி ஓடினாலும் சிக்னலில் நின்றாலும் உள்ளே வந்துகொண்டிருக்கும் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். கம்ப்ரசரின் சுமை 1 முதல் 4 கிலோவாட் வரை மாறும்; வெயில், காற்றின் ஈரம், கேபினின் அளவு ஆகியவை அதைத் தீர்மானிக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஈரத்தின் பங்கு பெரிது. ஏசி போட்ட கார் நின்ற இடத்தில் தரையில் சொட்டிக் கிடக்கும் நீரைப் பார்த்திருப்பீர்கள். கூலிங் காயிலில் பட்டுக் காற்றின் ஈரம் நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பத்தையும் கம்ப்ரசர்தான் சுமக்கிறது. என் கணக்கில், அப்படி ஒரு லிட்டர் நீர் சொட்டுவதற்குச் சுமார் 125 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிந்திருக்கும். உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்தினால் இந்தச் செலவு கணிசமாகக் குறையும். வெப்பநிலைக் குமிழைத் திருப்பிக் கூட்டி வைப்பது பல பழைய வண்டிகளில் பயன் தராது. அவற்றில் கம்ப்ரசர் காற்றை முழுதாகக் குளிரவைக்கும். ஹீட்டர் அதையே மறுபடி சூடாக்கித் தரும்.

இந்த வழக்கில் எனக்குத் தெரிந்த நம்பகமான சாட்சி, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2013-இல் வெளியிட்ட அளவீடு. 2009 மாடல் டொயோட்டா கொரோலா, ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஆகிய இரு வண்டிகளைச் சாலையிலும் ஆய்வுக்கூட உருளைகள் மீதும் சீரான வேகங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 64 முதல் 113 கிலோமீட்டர் வரை இரண்டு வண்டிகளிலும் ஏசிதான் அதிக எரிபொருள் குடித்தது. கொரோலாவில் 121-இல் இரண்டும் சமமாயின; 129-இல் திறந்த கண்ணாடியின் செலவு முந்தியது. எக்ஸ்புளோரரில் 113-ஐத் தாண்டிய பிறகும் ஏசியே அதிகம் குடித்தது.

கண்ணாடிக் கட்சிக்கு இது வெற்றி போலத் தோன்றும். ஆனால் அந்தச் சோதனையில் ஏசி உச்ச அளவில், கம்ப்ரசர் ஒரு நொடியும் ஓயாமல் ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. நிஜப் பயணத்தில் கேபின் குளிர்ந்தபின் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும், அல்லது சுமையைக் குறைத்துக்கொள்ளும். இங்கே மும்மடி விதி உதவுகிறது. ஏசியின் சுமை பாதியானால், இரு செலவும் சமமாகும் வேகம் 2-இன் மும்மடி மூலத்தால், அதாவது 1.26-ஆல் வகுபடும். கொரோலாவின் 121 அப்போது ஏறத்தாழ 96 ஆகிறது. சுமை கால் பங்கானால் 76. ஆகவே நான்குவழிச் சாலையில் 90–100-இல் போகும் குடும்பத்தில் இரு தரப்புமே ஏறக்குறைய சரி, வித்தியாசம் சில்லறை.

வண்டியின் வடிவத்தையும் மறக்கக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் 2004-இல் முன்வைத்த சோதனை முடிவுகளில், கண்ணாடியை இறக்குவதால் வந்த இழப்பு எஸ்.யூ.வி.யைவிட செடானில் அதிகமாக இருந்தது. இதில் வியப்பில்லை. வழவழவென்று காற்றை வழியவிடும்படி செதுக்கிய உடலில்தான் ஓட்டை போட்டால் நஷ்டம் அதிகம். பெட்டி போன்ற வண்டி ஏற்கெனவே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

உண்மையான நஷ்டம் நகரத்தில்தான் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் வழக்காடுவதில்லை. ஏசியின் சராசரிச் சுமையை 1.5 கிலோவாட் என்று கொள்வோம். எஞ்சினின் திறன்விகிதத்தை 30 சதவீதமாக வைத்தால் மணிக்கு 0.56 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. 80-இல் போகும் வண்டிக்கு இது 100 கிலோமீட்டருக்கு 0.7 லிட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 17.5 கொடுக்கும். நெரிசலில் சராசரி 20-இல் ஊர்ந்தால் அதே ஏசி 100 கிலோமீட்டருக்கு 2.8 லிட்டர் குடிக்கும். 15 கொடுத்த வண்டி 10.6-க்கு இறங்கும். கடும் வெப்பத்தில், அதுவும் குறுகிய பயணங்களில், ஏசியால் எரிபொருள் சிக்கனம் 25 சதவீதத்துக்கும் மேல் குறையக்கூடும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டியும் சொல்கிறது. வேறு விதமாகச் சொன்னால், அலுவலகத்துக்குப் போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி என்று இரண்டே நாள் நெரிசலில் உட்கார்ந்தவர், திருச்சிப் பயணம் முழுதும் ஏசி குடிக்கும் அளவு பெட்ரோலை ஏசிக்கு மட்டும் செலவழித்திருப்பார். வண்டி நகர்ந்த தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணா சாலையின் புகையிலும் இரைச்சலிலும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கத்திரி வெயிலில் அது நடவாது. வெயிலில் நின்று கொதித்த வண்டியை எடுத்ததும் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசியைப் போடுவது மட்டும் எந்தத் தரப்பும் மறுக்க முடியாத சிக்கனம்.

கேட்க வேண்டியது வண்டி விற்பவர்களிடம். ஏசி ஓடும்போது மணிக்கு எத்தனை லிட்டர் கூடுதலாக ஆகும் என்பதை மைலேஜுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இது புதிதான கோரிக்கையல்ல. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் மைலேஜ் கணக்கில், 35 டிகிரி வெப்பத்தில், செயற்கை வெயிலின் கீழ் ஏசியைப் போட்டு ஓட்டும் ஒரு சோதனையும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் நெடுங்காலமாக விளம்பரங்களுக்கு எண் தந்துவரும் எம்.ஐ.டி.சி. சோதனை, உச்சவேகம் 90-ஐத் தாண்டாமல், ஏசியை அணைத்து வைத்து ஓட்டப்படுவது.