இந்தி பவனத்துச் சுவரோவியமும் விசுவபாரதியின் ஆய்வு மரபும்

பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதுவோர், ஆய்வு, கற்பித்தல், பண்பாட்டு நிகழ்வுகள் என்னும் தலைப்புகளில் செய்திகளைப் பகுத்துத் தொகுப்பது வழக்கம். இரவீந்திரநாத் தாகூர் 1921இல் சாந்திநிகேதனில் நிறுவிய விசுவபாரதிக்கு, அதன் முதல் கால் நூற்றாண்டைப் பொறுத்தவரை, இப்பகுப்பு பொருந்துவதில்லை. இந்தி பவனத்துச் சுவரோவியம் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வோவியத்தின் வேர் கள ஆய்வில் உள்ளது. 1908இல் சாந்திநிகேதனப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த க்ஷிதிமோகன் சென் வடமொழியில் முறையான பயிற்சி பெற்றவர். எனினும் கபீரைப் பொறுத்தவரை அவர் ஏட்டைவிடத் துறவியரின் நாவையே பெரிதும் நம்பினார். அவ்வாறு கேட்டுத் தொகுத்த பாடல்கள் 1910-11இல் வங்காளத்தில் வெளிவந்தன. தாகூரின் ஆங்கிலக் கபீர் மொழிபெயர்ப்புக்கு அத்தொகுப்பே மூலமாயிற்று. அவற்றுள் பல மிகப் பழைய சுவடிகளில் இல்லை எனப் பிற்காலப் பாட ஆய்வாளர் சுட்டியுள்ளனர். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் மக்கள் நாவில் வழங்கிய கபீரை வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. சித்தர் பாடல்களைப் பதிப்பிப்போர் நன்கறிந்த சிக்கல் இது.

1930 முதல் அங்கு இந்தி கற்பித்த ஹசாரி பிரசாத் துவிவேதி இச்சூழலில் வளர்ந்தவர். அவரது 'கபீர்' 1942இல் வெளிவந்தது. இதற்கிடையே 1939இல் இந்தி பவனம் திறக்கப்பட்டிருந்தது.

அதன் நடுக்கூடத்தில், மூன்று சுவர்களின் மேற்பகுதியில், கலா பவன ஆசிரியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1946-47இல் இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உடைய அவர், முழு அளவு மாதிரி வரைபடம் எதுவுமின்றி ஈரச் சுண்ணச் சாந்தின்மீது நேரடியாக வரைந்தார். இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த சிங் ஆகியோர் இதில் இடம்பெறுகின்றனர். அடியார்களைத் தனியே உயர்த்திக் காட்டாமல், கோயில், தெரு, மக்கள் கூட்டம் ஆகியவற்றின் ஓட்டத்தினூடே வைத்திருப்பது கருதத்தக்கது. பக்தியை மக்களிடையே தேடிய சென்னின் ஆய்வுப் பார்வை இங்கு வண்ணமும் கோடுமாக மாறியுள்ளது எனலாம். வினோத் பிஹாரிக்கு உதவிய மாணவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போரில் சிறை சென்று, 1944இல் கலா பவனத்தில் சேர்ந்தவர் அவர். ஓவியப் பாடம், இலக்கிய வரலாறு, கள ஆய்வு ஆகிய மூன்றும் அம்மாணவருக்கு ஒரே சாரத்தின்மீது கிடைத்தன.

இவ்வொருமைப்பாட்டுக்கு நிதிவளம் காரணமன்று. தாகூர் குடும்பத்தின் நிலவுடைமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஆசிரியரான ஹரிசரண் பந்தோபாத்யாய, தாகூரின் வேண்டுகோளால் 1905இல் வங்க அகராதிப் பணியைத் தொடங்கினார். பள்ளியின் பொருள்முடை காரணமாகப் பணி இடையில் நின்றது. அவர் கல்கத்தாவில் வேறு வேலை தேட நேர்ந்தது. காசிம்பசார் அரசர் மணீந்திர சந்திர நந்தியின் உதவித்தொகையே அவரை மீண்டும் அகராதியிடம் கொண்டுவந்தது. அச்சுப்பணி 1932இல்தான் தொடங்கியது. 'வங்கீய சப்தகோசம்' 105 பகுதிகளாக வெளிவந்து 1945இல் நிறைவுற்றபோது தாகூர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.